தாலர்ங்கிற பழைய ஐரோப்பிய காசுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு? டாலரும் அதுவும் ஒண்ணா?

ரெண்டும் ஒரே வார்த்தைதாங்க. அர்த்தம் கேட்டா சிரிப்பீங்க, "பள்ளத்தாக்குக்காரன்", அவ்வளவுதான்.

இன்னைக்கு செக் நாட்டுல, ஜெர்மனி பார்டரை ஒட்டி யாக்கிமோவ்னு ஒரு சின்ன மலை ஊர் இருக்கு. 1516 வாக்குல அங்க வெள்ளி கிடைக்க, சுரங்கத்துக்கு கூட்டம் கூடி ஊராயிடுச்சு, ஜெர்மன்ல யோவாக்கிம்ஸ்தால்னு பேரு வச்சாங்க. யோவாக்கிம் யாருன்னா மாதாவோட அப்பா, நம்மூர் கத்தோலிக்கர்கள் சுவக்கின்னு சொல்றாங்களே அவரேதான், தால்னா பள்ளத்தாக்கு. (மேரி கியூரி ரேடியம் கண்டுபிடிச்சதும் இதே ஊர் சுரங்கத்துக் கல்லுலதான், அது தனிக் கதை.) அந்த ஏரியா பிரபு ஷ்லிக் குடும்பம் 1520 வாக்குல அந்த வெள்ளியிலயே பெரிய சைஸ் காசா அடிச்சு விட்டாங்க, ஒரு பக்கம் சுவக்கின், மறுபக்கம் அப்போ அந்த ஊர் இருந்த பொஹீமியா நாட்டோட சிங்கம். ஜனங்க யோவாக்கிம்ஸ்தாலர்னு கூப்பிட்டாங்க, கடைசில வர்ற "அர்" நம்ம "காரன்" மாதிரி. இவ்ளோ நீளமா தினமும் யாரு சொல்லுவா, முன்பாதியை வெட்டிட்டாங்க. உசிலம்பட்டிக்காரனை வெறும் பட்டிக்காரன் ஆக்குன மாதிரி! புனிதரும் போயிட்டாரு, எந்த ஊர்ங்கிறதும் போச்சு.

அதுதான் டச்சுல டால்டர், இங்கிலீஷ்ல டாலர். ஸ்பெயின்காரன் வெள்ளிக்காசையும் இங்கிலீஷ்காரங்க டாலர்னே சொல்ல, அமெரிக்காவுல அதுதான் புழங்குச்சு, 1792ல சட்டம் போட்டு அந்தப் பேர்லயே சொந்தக் காசு அடிச்சாங்க. ஸ்லோவேனியாவுல 2007ல யூரோ வர்ற வரைக்கும் காசு பேரு டோலார்தான்.

ஒரு காசுக் கண்காட்சியில, ஆஸ்திரியா ராணி மரியா தெரசா தலை போட்ட தாலரை கையில வாங்கிப் பார்த்தேன். 28 கிராம், அதாவது மூணரை சவரன் கனம், உள்ளங்கையில வச்சா நல்லாவே தெரியுது. அந்த ராணி செத்தது 1780, அதுக்கப்புறம் எந்த வருஷம் அடிச்சாலும் காசுல 1780னுதான் போடுறாங்க. எத்தியோப்பியா, ஏமன்ல எல்லாம் ரொம்ப காலம் இதுதான் பணம், அங்க பொம்பளைங்க இதைக் கோத்து கழுத்துலயும் போட்டுக்குவாங்க. நான் பார்த்ததுலயும் ராணி தலைக்கு மேல பொடி ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. நம்மூர் நகைக்கடையில செயினுக்கு டாலர் காட்டுங்கன்னு கேப்போமே, சட்டுனு அதான் ஞாபகம் வந்துச்சு.