மூன்று புரோக்கர், மூன்று பேச்சு: யாரிடம் வீட்டைக் கொடுப்பது?

கேள்வி: நங்கநல்லூரில் 1999ல் என் பெயரில் வாங்கிய ஃபிளாட். 860 சதுர அடி, யுடிஎஸ் (மனையில் என் பங்கு) 410 சதுர அடி. கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கலாம் என்று விற்க நினைக்கிறேன். மூன்று புரோக்கர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் 80 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன், ஆறு மாதம் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, லீகல் பார்க்க அசல் பத்திரம் வேண்டும் என்கிறார். இன்னொருவர், உங்கள் கைக்கு 65 லட்சம், கமிஷனே வேண்டாம், மேலே வருவது என்னுடையது என்கிறார். மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. பத்திர ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு, பிளான் அப்ரூவல் காப்பி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். யாரை நம்பலாம்?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றாமவரிடம்தான் நான் பேசுவேன். விலை சொல்லாமல் போனது உங்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் உங்கள் வீடு எங்கே சிக்கும் என்று முதலில் யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

இன்று வருகிற பார்ட்டிகளில் பெரும்பாலோர் வங்கிக் கடனில் வாங்குபவர்கள். வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கேட்பார். மதிப்பீட்டாளர் அப்ரூவ்டு பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டடத்தைப் பார்ப்பார். பிளான் இல்லை, அல்லது பிளானில் இல்லாத ஒரு மாடி மேலே இருக்கிறது என்றால் கடன் நின்றுவிடும். அட்வான்ஸ் வாங்கி, இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமை வரும். வீடு காட்டுவதற்கு முன்பே இதைக் கேட்கிற புரோக்கர் உங்களுக்கு அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்துகிறார்.

80 லட்சம் சொன்னவர் விஷயத்துக்கு வருவோம். எதை வைத்து 80 என்று அவரைக் கேளுங்கள். இருபத்தைந்து வருடக் கட்டடத்தில் சுவருக்கும் டைல்ஸுக்கும் பெரிய மதிப்பு கிடையாது, விலை நிற்பது உங்கள் 410 சதுர அடி மண்ணின் மேல். யுடிஎஸ் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விலை சொல்பவர், வீட்டைத் தன் கைக்குள் கொண்டுவரத்தான் சொல்கிறார். இரண்டு மாதம் கழித்து 'மார்க்கெட் டல்லா இருக்கும்மா' என்று 75, அப்புறம் 70 என்று இறங்குவார். அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். 'இவ்வளவு நாளாகப் போகவில்லையே, என்ன குறையோ' என்ற பேச்சு வந்துவிட்டால் நியாயமான விலையும் கிடைக்காது.

அசல் பத்திரத்தை எந்தப் புரோக்கரிடமும் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். என் சித்தி மேற்கு மாம்பலம் வீட்டை விற்றபோது 'இரண்டு நாளில் தருகிறேன்' என்று ஒருவர் வாங்கிப் போனார். திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அதுவரை வேறு யாரிடமும் பேச முடியாமல் சித்தி தூக்கமில்லாமல் கிடந்தார். பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல் தனி. லீகல் பார்க்க ஜெராக்ஸ் போதும். வாங்குபவரோ அவருடைய வக்கீலோ அசலைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கண் முன்னால் பார்க்கட்டும். பவர், அதாவது உங்கள் சார்பில் விற்கும் அதிகாரம், எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் முடியாது என்பதுதான் பதில்.

'மேலே வருவது என்னுடையது' என்கிறவர் இன்னும் கவலைப்பட வைக்கிறார். இப்படிப்பட்டவர்கள் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைத் தங்கள் பெயரிலேயே போடுவார்கள். அதில் 'தாங்களோ, தாங்கள் கைகாட்டும் நபரோ' என்று ஒரு வரி இருக்கும். அதன் பிறகு அவர் ஆள் தேடி முடிக்கும்வரை நீங்கள் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். வீடு உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஒப்பந்தம் வாங்குகிற மனிதரின் பெயரில்தான் இருக்க வேண்டும். அட்வான்ஸ் அவர் கணக்கிலிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வரட்டும். வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான்.

சரி, மூன்றாமவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் சமீபத்தில் முடித்துக் கொடுத்த இரண்டு மறுவிற்பனை வீடுகளைக் கேளுங்கள். வாடகைக்கு வைத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த வீடுகளை விற்றவர்களிடம் நீங்களே பேசுங்கள். முதலில் சொன்ன விலைக்கும் கடைசியில் கைக்கு வந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம், பத்திரப் பதிவு அன்று கூட வந்து நின்றாரா என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே ஆளைத் தெரிந்துவிடும். அவருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருந்தால் நல்லது, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் அந்தப் பதிவு கட்டாயமாக இருப்பது ரெராவில் பதிவான திட்டங்களில் புரமோட்டர் (கட்டி விற்பவர் அல்லது மனை பிரித்து விற்பவர்) விற்கும் வீடு, மனைகளை விற்றுத் தருபவர்களுக்கு. உங்களுடையதைப் போன்ற பழைய ஃபிளாட்டை விற்க அது இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டாம்.

விலையை நீங்களும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் விற்பனைக்கு இருக்கும் மூன்று நான்கு பழைய ஃபிளாட்களை, வாங்க வந்தவர் போலப் போய்ப் பாருங்கள். அசோசியேஷன் செயலாளரிடம் கடைசியாக உங்கள் பிளாக்கில் எது, எவ்வளவுக்குப் போனது என்று கேளுங்கள். கைடுலைன் மதிப்பு, அதாவது அரசு நிர்ணயித்த மதிப்பு, பதிவுத்துறை தளத்திலேயே கிடைக்கும், ஆனால் அது முத்திரைத்தாள் கணக்குக்குத்தான், சந்தை விலை அல்ல.

கமிஷன் சென்னையில் பொதுவாக ஒரு சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம்வரை கேட்கிறார்கள், வாங்குபவரிடமும் தனியாக வாங்குவார்கள். 70 லட்சத்துக்கு முடிந்தால் ஒரு சதவீதம் 70,000 ரூபாய். ஓடியாடி வேலை செய்கிறவருக்கு அதைக் கொடுப்பதில் தயங்காதீர்கள், ஆனால் பதிவு முடிந்த அன்று கொடுங்கள். எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் அவரிடம் மட்டும் விடுவது, எதிர்வீட்டுக்காரரே வாங்கிக்கொண்டால் கமிஷன் உண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதம் வேண்டாம், 60 நாள் போதும். கமிஷனை வங்கி மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீடு விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி கணக்கிடும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் முதல் வேலையாக அந்தப் பிளான் காப்பியைத் தேடுங்கள். நீங்கள் வாங்கியபோது நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது, சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011ல்தான். அதனால் பழைய காகிதங்களில் நகராட்சி முத்திரையைப் பார்த்து அது வேறு எதுவோ என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்களிடம் இல்லாவிட்டால் மற்ற ஃபிளாட்காரர் யாரிடமாவது இருக்கும், வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்களை முதலில் கேளுங்கள். காப்பி கிடைத்ததும் அந்த மூன்றாமவரைக் கூப்பிட்டு, இப்போது விலை சொல்லுங்கள் என்று கேளுங்கள்.