வெப்ப அதிர்ச்சிப் புரதமும் இரவுக் கூச்சலும்

தந்தைக்கு 74 வயதில் பார்க்கின்சன் நோய் வந்ததால் 58 வயதான உங்களுக்கும் அது வந்தே தீருமோ என்பதுதான் உங்கள் மடலின் உண்மையான கேள்வி. கண்ணிமை துடிப்பதையும், பெயர்கள் சட்டென நினைவுக்கு வராததையும், காபி குடித்த பின் விரல்கள் நடுங்குவதையும் இப்போதே மறந்துவிடலாம். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை மடியில் ஓய்ந்திருக்கும்போது, அதுவும் உடலின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். தந்தைக்கு முதுமையில் வந்த நோய் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும், அப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை.

வெப்ப அதிர்ச்சிப் புரதம் குறைவதால்தான் இந்நோய் வருகிறது என்று இணையத்தில் படித்துவிட்டு, அதைக் கூட்டுவதற்காக நாள்தோறும் நீராவிக் குளியலும் பூனைக்காலி விதைப் பொடியும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1962இல் இத்தாலிய ஆய்வாளர் ரிட்டோசா, வெப்பம் கூடியபோது பழ ஈயின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்கள் தோன்றுவதைக் கண்டறிந்தார். அந்த வீக்கங்களில் முனைப்பாகும் மரபணுக்கள் உருவாக்கும் இப்புரதங்களின் பெயர் அந்த வெப்பத்திலிருந்து வந்ததே தவிர, நாம் வியர்ப்பதற்கும் மூளை காக்கப்படுவதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக அதற்குப் பொருளில்லை. செல்லுக்கு நெருக்கடி வரும்போது, மடிப்புக் குலைந்த புரதங்களை மீண்டும் சரியாக மடிப்பதும், சரிப்படாதவற்றை அழிவுக்கு அனுப்புவதும் ஹெச்எஸ்பி70 முதலான வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் வேலை. பிரிந்து பெருகாத நரம்புச் செல்லில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் குலைந்து கட்டியாகச் சேரும்போது இந்தத் துப்புரவு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது என்பதும், பழ ஈக்களில் ஹெச்எஸ்பி70ஐக் கூட்டியபோது இந்நோயில் அழியும் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் பிழைத்தன என்பதும் உண்மையே. ஆனால், இந்தப் புரத உற்பத்தியைப் பெருக்கும் அரிமோக்ளோமால் என்ற மருந்து, ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்புச் சிதைவு நோயாளிகளிடம் பலன் தரவில்லை என்று 2021இல் தெரியவந்தது. போதாததற்கு, புற்றுநோய்ச் செல்களும் பிழைத்திருக்க இதே புரதங்களைத்தான் நம்பியிருக்கின்றன. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை.

பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபா, அதாவது உங்கள் தந்தை பெரும்பாலும் உட்கொள்ளும் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து, அளவு தெரியாத வடிவில். இல்லாத நோய்க்கு அதைச் சாப்பிட்டால் குமட்டலும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் வரலாம். நோய் இருந்தாலோ, பரிசோதிக்கும் மருத்துவரின் கண்ணில் அது படாமல் மறைந்துவிடக்கூடும். உடனே நிறுத்துங்கள்.

மடலின் கடைசியில், வேடிக்கை போல, "தூக்கத்தில் நான் கத்துவதாகவும் உதைப்பதாகவும் மனைவி கேலி செய்கிறாள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அக்கறையைத் தந்தது அது ஒன்றுதான். கனவு காணும் உறக்கத்தில் மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி வைப்பது இயல்பு. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் மனிதர் தம் கனவை நடித்துக் காட்டத் தொடங்குகிறார். வேறு காரணம் எதுவுமின்றி ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இது தொடர்ந்து வந்தால், கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் பார்க்கின்சன் அறிகுறியாக இருக்கலாம். ஆயினும் குறட்டையோடு மூச்சு தடைப்படும் நோயும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், நீங்களாகவே முடிவுக்கு வர வேண்டாம். நரம்பியல் மருத்துவரைச் சந்தித்து, காணொளிப் பதிவுடன் கூடிய உறக்க ஆய்வு தேவையா என்று கேளுங்கள்; மலச்சிக்கலோ மணம் தெரியாமையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவரை கட்டிலருகே உள்ள கண்ணாடிப் பொருள்களையும் கூர்முனை மேசையையும் அகற்றிவிட்டு, உங்கள் மனைவி சற்றுத் தள்ளிப் படுப்பது நல்லது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த இரவுகளில் நடந்ததை அவரால்தான் சொல்ல முடியும்.