மறு: சயனைடு மேட்டு மணலில் கரி கலந்தும் புல் கருகுகிறது

கேஜிஎஃப்பில் (கோலார் தங்கவயல்) வீட்டுக்குப் பின்னால் படிந்த சயனைடு மேட்டு மணலில், அதாவது சயனைடால் தங்கம் பிரித்தபின் கொட்டிய சுரங்கக் கழிவில், ஒரு சதவீதம் சிரட்டைக் கரி கலந்தும் புல் கருகுவதாகவும், பிஎச் (அமில அளவு; 7-க்குக் கீழே போகப்போக அமிலம் அதிகம்) 3.6 என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிரட்டைக் கரியில் சாம்பல் குறைவு, அந்த அமிலத்தை அது முறிக்காது. மணலில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காற்றும் ஈரமும் பட்டு அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும்.

முதலில் சுண்ணாம்புக்கல் தூள். கிலோ மணலுக்கு 5, 10, 20 கிராம் என்று தனித்தனி வாளிகளில் ஈரமாக இரண்டு வாரம் வையுங்கள். பிஎச் 6 தொடும் அளவே உங்கள் அளவு. பிறகு 2 மி.மீ. சல்லடையில் சலித்த கரி, எடையில் 5 சதவீதம். 15 செ.மீ. ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோ வரும். மணலை நனைத்துவிட்டே கிளறுங்கள், சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகாது.

ஆர்சனிக் சோதனை முடியும்வரை தொழுவுரம் வேண்டாம். ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரி பிடித்துக்கொள்ளும். ஆர்சனிக் அப்படியல்ல, பிஎச் அளவுக்கு மீறிக் கூடினாலோ தொழுவுரத்திலுள்ள பாஸ்பேட் சேர்ந்தாலோ கழன்று நிலத்தடி நீருக்கு இறங்கலாம். ஆர்சனிக் இருந்தால் இரும்பு ஏற்றிய கரி ஒரு வழி.

ஆய்வகத்தில் மொத்த ஈயம் கேட்காதீர்கள், கரி ஈயத்தைப் பிடித்துவைக்குமே தவிர அகற்றாது, அதனால் அது குறையவே குறையாது. நீரில் கசியும் அளவைக் கேளுங்கள். முடிவு வரும்வரை வெட்டிவேர் போடலாம், கீரை கூடாது.