கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீர்கள், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 132 சென்டிமீட்டர், எடை 42 கிலோ. பள்ளியில் 'குண்டு' என்று கூப்பிடுகிறார்களாம்; இப்போது திடலுக்கே போக மாட்டேன் என்கிறான். "உயரம் போட்டால் தானாக இறங்கிவிடும், பிள்ளைமேல் கண்ணு வைக்காதே" என்கிறார் என் மாமியார். அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு, ஊசி போடுகிறார். மகனின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை. டாக்டரிடம் போக வேண்டுமா, இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போகத்தான் வேண்டும். இன்றைக்கே பதறி ஓட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். நான் இப்படிச் சொல்வதற்கு அவன் எடை ஒரு காரணம் என்றால், அந்தக் கழுத்து அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் எலுமிச்சம்பழத்தை நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் கொழுப்பு கூடும்போது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொல்லும் பேச்சைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்பதில்லை. கணையம் அதை இன்னும் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அந்த மிகை இன்சுலின் தோலையும் வளரத் தூண்டுவதால்தான் கழுத்தும் அக்குளும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடித்துப் போகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் தோல்தான் புண்ணாகும். இன்சுலின் இறங்கினால் கறுப்பும் மெல்ல மங்கும். பிள்ளை சரியாகக் குளிப்பதில்லை என்று யாராவது திட்டியிருந்தால், அவனிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இனிப்புநீர் இருப்பதும் கணக்கில் சேரும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடு. அதே ஆய்வில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 14.8 விழுக்காட்டினர் உடல் பருமன் கொண்டவர்கள். ஆகவே இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை.

இப்போது மாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எடையை உயரத்தால் (மீட்டரில்) இருமுறை வகுத்தால் மகனுக்கு 24 வருகிறது; இதுதான் உடல் எடைக் குறியீடு (BMI). பெரியவர்களுக்கான அட்டவணையை வைத்து இதைப் பார்க்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 9 வயதுப் பையனுக்குச் சுமார் 18-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, சுமார் 20.5-ஐத் தாண்டினால் பருமன். மகன் அதையும் கடந்துவிட்டான். ஆனால் இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வான். எடை 42-லேயே நின்றால், இரண்டு ஆண்டில் 143 சென்டிமீட்டர் ஆகும்போது அந்த எண் 20.5-க்கு இறங்கிவிடும், 11 வயதுக்கு அது பருமன் எல்லைக்குள் வராது. அதாவது, பெரும்பாலும் எடையைக் குறைக்கக்கூட வேண்டாம், ஏறாமல் பிடித்தால் போதும். சிக்கல் என்னவென்றால் எடை தானாக நிற்பதில்லை. பாட்டி சொல்வதில் விட்டுப்போன பாதி அதுதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். மகனின் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றுங்கள். எட்டாவிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்; பல பெற்றோர் பார்க்கத் தவறுவது இது. சாப்பாட்டால் பருமனான பிள்ளை பெரும்பாலும் வகுப்பில் உயரமாகத்தான் இருக்கும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் நின்றுவிட்டால், தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறா என்று தேட வேண்டும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டெராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தாலும் இப்படி ஆகலாம். கடையில் பெயரில்லாமல் விற்கும் மாத்திரை எதையாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. தாகம் தாங்காமல் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, காரணமில்லாமல் இளைப்பது – இவை வந்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். அதோடு வாந்தி, மூச்சிரைப்பு, அளவுக்கு மீறிய தூக்கம் சேர்ந்தால் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முட்டியோ தொடையோ வலித்து நொண்டினாலும் அப்படித்தான். கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம், வலி மட்டும் முட்டியில் தெரியும். பருமனான பிள்ளைகளுக்கு அந்த மூட்டு எலும்பு நழுவுவதுண்டு, நடக்க நடக்க மோசமாகும். விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலும் தாமதிக்காதீர்கள். இரவில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கென்று இழுத்து விடுகிறானா என்று ஒரு ராத்திரி பக்கத்தில் இருந்து பாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்து காட்டினால் டாக்டருக்குப் பெரிய உதவி.

சரி, எங்கே போவது? உங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கே போதும், பதிவுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் ஆகாது. உயரம், எடை, கையளவுக்கு ஏற்ற பட்டையில் இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை, அவ்வளவுதான். வேறு கோளாறு தெரிந்தால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் குழந்தை நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். சின்ன வயதுச் சுகாதாரப் பதிவுப் புத்தகம் இருந்தால் எடுத்துப் போங்கள். எடை எந்த வயதில் கிளம்பியது என்பதை அது காட்டிவிடும்.

அதுவரை பட்டினி வேண்டாம், மெலிய வைக்கும் பவுடர் கண்டிப்பாக வேண்டாம். குடிப்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பாலில் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிச் சீனி இருக்கிறது. காலையில் ஒரு மைலோ, கண்டினில் சிராப் தண்ணீர், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பாக்கெட் பானம் என்றால் சோறு தொடுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் வேலை செய்து வாழ்ந்த காலத்திலும் நம் வீடுகளில் இனிப்புத் தேநீர் இருந்தது. ஆனால் அன்றைய பிள்ளைகள் மாலை முழுக்க வெளியே ஓடினார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குள் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. திடலுக்குப் போக வெட்கப்படுகிறவனை விரட்டாதீர்கள். அப்பாவோடு சைக்கிளில் போகட்டும், நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பு அசைந்தால் சரி. சீனியை அவனுக்கு மட்டும் நிறுத்தாமல் வீடு முழுக்கக் குறையுங்கள். மாமியாருக்கும் அது நல்லதுதானே, அதைச் சொல்லியே அவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் மகனிடம் சொல்லுங்கள்: "கழுத்து ஏன் கறுத்திருக்கு என்று கேட்கப் போகிறோம், உன்னைத் திட்ட இல்லை." மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னால் எடை இறங்காவிட்டாலும் போய்விடுங்கள். அன்றைக்கு எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.