பத்து வருடம் ஒத்துக்கொண்ட டை

கேள்வி: பத்து வருடமாக ஒரே ஹேர் டைதான். போன மாதம் போட்ட மறுநாள் காதோரம் தடித்து அரித்தது, இமையும் வீங்கிவிட்டது. திடீரென்று ஏன்?

பதில்: டையில் உள்ள பிபிடி (PPD, பெட்டியில் p-phenylenediamine என்றிருக்கும்) என்ற ரசாயனம் பல தடவை பட்டுப் பட்டு, ஒருநாள் உடம்பு அதை எதிரி என்று முடிவுகட்டிவிடும், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் வீங்கும், அடுத்த தடவை இன்னும் மோசமாகலாம். பிராண்டை மாற்றினால் மட்டும் போதாது, பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தில் பிபிடி இருக்கிறதா என்று படியுங்கள். 'ஹெர்பல்', 'கருப்பு மருதாணி' என்று விற்பதிலும் இது கலந்திருப்பதுண்டு (அசல் மருதாணி எங்கே கருப்பாகப் பிடிக்கிறது? செம்பட்டைதான்!). பிபிடி இல்லாததையும் காதுக்குப் பின்னால் துளி தடவி, 48 மணி நேரம் பாருங்கள். மறுபடி முகம் வீங்கி மூச்சு திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான்.