அப்பாவின் கள்ளும் அண்ணனின் மானமும்

இந்த மாதக் கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான்: சொந்தக் கதையை எழுதுவது. நம்ம மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேனாவைத் தூக்கிவிட்டீர்களா என்ன? நாலு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

டீச்சர், நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டினேன், அப்புறம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறினேன், இப்போது பேரன் வீட்டில் இருக்கிறேன். வயது 71. இனிமேல் எழுதி என்ன, யார் படிக்கப் போகிறார்கள்? (ஓய்வுபெற்ற தொழிலாளி)

ஐயா, உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940-ல். அவர் பிறந்தது 1855. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1942-ல் அவர் காலமானபோது தொடர் முடியவில்லை, ஆனாலும் இன்றைக்கும் படிக்கிறோம். அதனால் வயதைக் காரணம் காட்டாதீர்கள்.

படிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடி, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) பால் நிறையும் வரை காத்திருந்து, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் சுமந்து வந்து நிறுவைக்குக் கொடுத்தவர் நீங்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எவ்வளவு போனால் மரம் புண்ணாகும் என்பது உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும். ரப்பரைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் பலர் உண்டு, ஆனால் வெட்டிக்கொண்டிருக்கும்போது மழை வந்து அன்றைய பால் எல்லாம் தண்ணீரோடு வழிந்து போனால் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று அவர்கள் எழுதவில்லை. அந்த ஒரு காலையை மட்டும் முதலில் எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பேரன் பார்த்துக்கொள்வான், ஆனால் வாக்கியத்தில் அவன் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் அப்பா சம்பளத்தன்று நேராகக் கள்ளுக்கடைக்குப் போவார். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு அடி. அப்பா இப்போது இல்லை, அம்மாவுக்கு 86. நான் எழுத ஆரம்பித்தது தெரிந்ததும் அண்ணன் "குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுக்காதே" என்று சத்தம் போடுகிறார். எழுதலாமா, வேண்டாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அம்மா, அடி வாங்கியது யார்? அண்ணன் இல்லையே. அப்படியானால் கேட்க வேண்டியது அவரிடம் இல்லை, உங்கள் அம்மாவிடம். அதையும் "எழுதட்டுமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் அவர் பழக்கதோஷத்தில் "அதெல்லாம் எதுக்கு" என்றுதான் சொல்வார். இரண்டு பக்கம் எழுதி, மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து வாசித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துடு" என்பார், இல்லாவிட்டால் "அன்னிக்கு நடந்தது அப்படி இல்லடி" என்று நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்வார். எடுக்கச் சொன்னால் அச்சில் எடுத்துவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் முடிவு செய்யப் போய்த்தான் பலர் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

அண்ணன் சொல்லும் மானத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. நீங்கள் இருந்தது லயத்து வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினாலே இந்தப் பக்கம் கேட்கும். அந்த மானம் அன்றைக்கே பலகை இடுக்கு வழியாகப் போய்விட்டது. மறுநாள் குழாயடியில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா என்ன பேசினார்? ஒன்றும் பேசாமல் தன் வாளியை நகர்த்தி இடம் விட்டாரா? உங்கள் கதையில் எனக்கு அதிகம் படிக்க ஆசையாக இருப்பது அந்தக் குழாயடிதான்.

அப்பாவைப் பற்றி எழுதும்போது "குடிகாரர்" என்ற சொல்லை முதல் பத்துப் பக்கத்துக்குத் தள்ளி வைத்துப் பாருங்கள். அது தீர்ப்பு, ஆளைக் காட்டாது. அதே மனிதர் மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து நின்றாரா, கை நடுங்கியதா, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விடக்கூடாது என்று ஓடினாரா? கள்ளுக்கடையும் வானத்திலிருந்து விழவில்லை. பல தோட்டங்களில் அது தோட்டத்துக்குள்ளேயே, லயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது, சம்பளம் கொடுத்த கைக்கே காசு சுற்றித் திரும்பியது. இதைச் சொல்வதால் அவர் கையை ஓங்கியது நியாயமாகிவிடாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், வாசகர் கூட்டிக்கொள்வார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவைப் போட்டுக்கொடுப்பது உங்களுக்குச் சிரமமே இல்லை என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. சிரமம் வேறு இடத்தில். அதே சம்பள நாளில் அவர் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை) பொட்டலம் வாங்கி வந்திருப்பார், நீங்கள் அதை ஓடிப்போய் வாங்கியிருப்பீர்கள், அம்மா அடுப்படியில் இருக்கும்போதே சந்தோஷமாகத் தின்றிருப்பீர்கள். நான் ஊகித்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் அந்த மாதிரி ஏதோ ஒன்று இருக்கும், அதை எழுதப் போகும்போது கை தானாக நின்றுவிடும். நிற்கிற இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

பெயரை மாற்றினால் போதுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். போதாது. தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) ஒருத்தர், தண்டல் (மேற்பார்வையாளர்) ரெண்டு பேர். "கிராணி" என்று நீங்கள் எழுதினாலே நம்ம ஊரில் பெயர் சொல்லிவிடுவார்கள். உயிரோடு இருப்பவர் மேல் நிரூபிக்க முடியாத எதையும் எழுதாதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதலாம், குழாயடியில் கேட்டதை "குழாயடியில் இப்படிப் பேசிக்கொண்டார்கள்" என்றே எழுதுங்கள்.

என் புத்தகத்தை 1948 ஜூன் 16-ல் எல்பில் தோட்டத்தில் துரை சுடப்பட்டதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். நாற்பது பக்கம் வரலாறு வந்துவிட்டது, நான் இன்னும் பிறக்கவில்லை. (இளைஞர், லிந்தாங்)

தம்பி, பிறந்துவிடு!

அன்று நம்ம ஊர்ப் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்ததும் எல்லா நூல்களிலும் இருக்கிறது. உன் பாட்டி வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் எங்குமே இல்லை. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பல இடங்களில் அரிசிக்கு அளவு வைத்தார்கள், வேலைக்குப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகவே தடை இருந்தது. விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போகிற பெண் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், வெறும் வயிற்றோடு தன் மர நிரையை எப்படி முடித்தார்? பாட்டி இல்லாவிட்டால் அவர் வயதில் இருக்கிற யாரிடமாவது போய் உட்கார். நாற்பது பக்கத்தில் மூன்று பத்தியை வைத்துக்கொள், மீதியை எடு. மனசு வலிக்கும், பரவாயில்லை.

எனக்கு எதுவுமே வருடத்தோடு ஞாபகம் இல்லை. "அப்போது", "ஒரு சமயம்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். (இல்லத்தரசி)

அப்படியே எழுதி முடித்துவிடுங்கள், வருடத்தை அப்புறம் பிடிக்கலாம். எல்லார் வீட்டையும் தொட்டுப்போன சில நாட்கள் உண்டு. 1982 ஜனவரி 1-ம் தேதி நம் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னே தள்ளினார்களே, அதற்கு முன்பா பின்பா? பெரட்டு மணி மாறாத தோட்டங்களில் காலை அரை மணி கூடுதலாக இருட்டிவிட்டதை நிறையப் பேர் மறந்திருக்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் வண்ணப்படம் வருவதற்கு முன்பா? அப்பாவின் கையில் பிரஜை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை இருந்த காலமா? 1969-க்குப் பிறகு பிரஜை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்ததே, யார் வீட்டுச் சாமான் கட்டிக் கப்பலேறியது?

அப்புறம் தகரப் பெட்டியைத் திறங்கள். பிறப்புச் சூராட் (சான்றிதழ்), பள்ளி விடுப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு இருந்தால் அதிர்ஷ்டம். ஊழியர் சேமநிதி 1951-லேயே வந்துவிட்டது, எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினார் என்ற பழைய அறிக்கை ஒன்று கிடைத்தாலும் எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தோம் என்ற சண்டை தீர்ந்துவிடும். அக்காவும் தங்கையும் வேறு வேறு வருடம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், யார் எதைச் சொன்னார் என்று பெயர் போட்டு. தங்கைக்குக் கோபம் வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.