பல்பை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்குச் சாயல்குடிப் பக்கம். கருவாட்டு வியாபாரம். 2016 மாடல் டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறேன், இரண்டு கை மாறி வந்தது. விடியற்காலை 3 மணிக்கே கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடிக்கோ கீழக்கரைக்கோ ஓட்டுகிற தொழில். ஹெட்லைட் வெளிச்சம் போதவே இல்லை. ரோட்டில் ஆடு படுத்திருந்தால் கிட்டே போன பிறகுதான் தெரிகிறது. ஆக்சஸரீஸ் கடையில் 200 வாட் எல்இடி பல்பு ஜோடி, பம்பருக்கு மேலே ஒரு லைட் பார், எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் என்கிறார்கள். 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நான் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். நானே மாட்டிக்கொள்ளலாமா? போலீஸ், ஆர்டிஓ தொந்தரவு வருமா? புரோக்கர் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் லைட்டுக்கு பர்மிஷன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் கடைக்காரர் சொன்ன வேலையைச் செய்யாதீர்கள், புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டிக்குப் புது விளக்கு தேவைப்படவில்லை. இருக்கிற விளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலே போதும்.

மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் ஓடுகிற வண்டிகளில் ஹெட்லைட் மங்குவதற்கு முதல் காரணம் உப்புக் காற்று. பாம்பன் பக்கத்துக் காற்று இரும்பை அரிப்பதில் பெயர் வாங்கியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல் அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி நிலையமே வைத்தது. பாலத்தை அரிக்கிற காற்று பானட்டுக்குள் இருக்கும் வயரை மட்டும் விட்டுவைக்குமா? வயர் பல்போடு சேரும் செருகியான கப்ளருக்குள் உப்பு படிந்து ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செம்பில் களிம்பு ஏறும். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் வயரைப் பாடியில் முடுக்கியிருக்கும் இடம் துருப்பிடிக்கும். போதாததற்கு நம் பக்கம் வண்டியைக் கழுவுவதும் உப்புப் போர்த் தண்ணீரில்தான். குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும்போது வேறு வழியும் இல்லை. கழுவுங்கள், ஆனால் பானட்டைத் திறந்து பிரஷர் அடிக்க விடாதீர்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் எச்4 ஆலஜன் பல்பாக இருக்கும், 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). ஆலஜனுக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிட மோசமாகக் குறையும். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 12 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விட்டது என்று அர்த்தம். குழாயில் அடைப்பை வைத்துக்கொண்டு தொட்டியில் பெரிய பைப் மாட்டச் சொல்கிறார் உங்கள் கடைக்காரர்.

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் போட்டு, பேட்டரியில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அங்கே எவ்வளவு என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு பல்பில் இல்லை, வருகிற வழியில். அடுத்ததாகக் கப்ளரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

பல்பு எரியும்போதே அளக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில கடைகளில் கப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அளந்து, "பாருங்க, சப்ளை ஃபுல்லா வருது, பல்புதான் பத்தல" என்று காட்டுவார்கள். கரண்ட் இழுக்காத வயர் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் மீட்டரில் முழு வோல்ட்டைத்தான் காட்டும். ஐடிஐயில் படித்த உங்களுக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் கடை வாசலில் நிற்கும்போது நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எர்த்தைச் சரிசெய்யச் செலவே இல்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம் (லக்) பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். கப்ளர் முனைகளுக்கும் அதையேதான் செய்ய வேண்டும். இவ்வளவிலேயே பல வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும்.

இதற்கு அப்புறமும் வோல்ட் குறைவாகவே இருந்தால் ரிலே கிட் போடலாம். ரிலே என்பது சின்ன சிக்னலை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வரைக்கும் போய்த் திரும்புகிறது. ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து பல்புக்கு நேர்வழி கிடைக்கும், சுவிட்சும் சூடாகாது. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயில் 30 என்ற முனைக்கு பேட்டரி பிளஸ், 87 பல்புக்கு, 86 பழைய கப்ளரிலிருந்து வரும் சிக்னல், 85 எர்த். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் ரிலேக்கு ஒரு 15 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். விளக்குப் பக்கத்தில் ஃப்யூஸை வைத்தால், நடுவில் வயர் உரசும்போது வண்டி தீப்பிடிக்கும். ரிலேயை முனைகள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், தண்ணீர் தங்காது. வண்டியின் சொந்த வயரை எங்கேயும் வெட்டாதீர்கள். கப்ளரோடு கப்ளர் சேரும் கிட்டாக வாங்கினால் வெட்ட வேண்டிய வேலையே வராது.

கிட் வாங்குகிற இடத்தில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. வயருக்கு மேலே செம்பு நிறம் தெரியும், உள்ளே அலுமினியம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைத் தடிமனான உறைக்குள் வைத்து "ஹெவி டியூட்டி" என்று விற்கிறார்கள். கடையில் நன்றாகவே எரியும். நம் ஊர் உப்புக் காற்றில் அலுமினியமும் செம்பும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். முடுக்கிய இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், இணைப்பு சூடாகும், கப்ளர் உருகும். அப்போதும் உங்கள் வண்டி வயரிங்தான் சரியில்லை என்பார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நுனியைச் சீவி, ஓர் இழையைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயரும் வெள்ளையாக இருக்கும், ஆனால் அதில் மேலே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு. அது கடலோரத்துக்கு மிக நல்லது, கிடைத்தால் விடாதீர்கள். சுரண்டிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

அடுத்தது விளக்கின் முகம். வெயிலில் மஞ்சளாகி, மணல் காற்றில் சொரசொரப்பாகிப்போன பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு உள்ளே என்ன பல்பு போட்டாலும் வெளிச்சம் சிதறத்தான் செய்யும். 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதா தடுக்கும் கிளியர் கோட் அடியுங்கள். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது சில வாரம்கூடத் தாங்காது. கிளியர் கோட் அடிக்காமல் விட்டாலும் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிவிடும்.

இப்போது அந்த 200 வாட் எல்இடி. ஜோடிக்கு 200 வாட் என்றால் 13.5 வோல்ட்டில் 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த ஜோடி ஒரே 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக மணிக்கணக்கில் எரிகிறது என்றால், அட்டையில் போட்ட நம்பர் பொய். வாட்டை விடுங்கள், அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் பளபளப்பான பெரிய கிண்ணத்தின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. அங்கே எல்இடி சில்லைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி தெறிக்கும். வண்டிக்கு முன்னால் பத்தடி தரை வெள்ளையாக மின்னும், அதைப் பார்த்து வெளிச்சம் கூடிவிட்டது என்று தோன்றும். ஆடு படுத்திருக்கும் தூரத்தில் இருட்டு அப்படியே இருக்கும். எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன் கூடையோடு வருகிறவருக்குக் கண் தெரியாது. அந்த பல்பின் பின்னால் இருக்கும் குட்டி ஃபேன் மணலையும் உப்பையும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். 100/90 வாட் ஆலஜனும் வேண்டாம். கப்ளரையும் உள் பூச்சையும் வேக வைத்துவிடும். நல்ல கம்பெனி 60/55 பல்பு ஒரு ஜோடி சில நூறு ரூபாய்தான். மாற்றும்போது கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள்.

லைட் பார் கதைக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 111, வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டவே கூடாது என்கிறது. லைட் பாரையும் அந்தக் கணக்கில்தான் பிடிப்பார்கள். விதி 106, முன்னால் 8 மீட்டரில் 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிறவருக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. வயரிங்கால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இப்படி வெளியில் மாட்டியதைத்தான்.

புரோக்கர் எதைக் காட்டி 3,000 கேட்கிறார் என்பது தெரிந்த கதை. விதி 111இல் "அசாதாரணச் சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு" என்று ஒரு வரி இருக்கிறது. அதை வைத்துத்தான் வியாபாரம். கருவாட்டு வண்டி விடியற்காலையில் போவது அசாதாரணச் சூழ்நிலை ஆகாது. அனுமதி என்றால் அதிகாரி கையெழுத்தோடு உங்கள் வண்டி எண்ணுக்கு எழுத்தில் வர வேண்டும், அதுவும் விளக்கை மாட்டுவதற்கு முன்பே. "போட்டுக்குங்க, யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்பது அனுமதி இல்லை. அபராதச் சீட்டு உங்கள் பெயரில்தான் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாடலிலேயே விலை கூடிய வண்டிக்கு கம்பெனி ஃபாக் லேம்ப் (பனிமூட்ட விளக்கு) கொடுத்திருக்கலாம். உங்கள் பம்பரில் அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். அந்த இடத்தில், அந்தக் கம்பெனியின் ஃபாக் லேம்பையே, கம்பெனி பிராக்கெட்டோடு, தனி ரிலே, தனி சுவிட்ச் வைத்து மாட்டுவதை நான் தடுக்கமாட்டேன். ஹெட்லைட்டை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். நிறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம், நீலம் கூடாது. ஜோடியாகத்தான் மாட்ட வேண்டும். பில்லை வண்டிக்குள்ளேயே வையுங்கள். "அதே மாதிரி" என்று வெளியில் விற்கும் ஃபாக் லேம்ப் இதில் சேராது. பம்பருக்கு முன்னால் கம்பி கட்டித் தொங்கவிடுவதும் சேராது. பம்பருக்கு முன்னால் இரும்புச் சட்டமாக வைக்கும் கிராஷ் கார்டில் மாட்டுவது அறவே சேராது, கிராஷ் கார்டையே 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. இந்த ஃபாக் லேம்பும் தூரத்தைக் காட்டாது. ரோட்டோரத்தையும் வளைவின் விளிம்பையும் காட்டும், அவ்வளவுதான். நம் பக்கம் ராத்திரியில் தெரியவேண்டியதில் பாதி அங்கேதானே இருக்கிறது.

இவ்வளவையும் செய்துவிட்டு விளக்கை ஏற்ற இறக்கம் பார்க்காமல் விட்டால் பலனில்லை. ஏலக்கூடம் மாதிரி சமதளத் தரையில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டும் இடத்தில் ஒருவர் உட்காரட்டும். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறித்தால், டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இடது ஓரம் கொஞ்சம் ஏறியிருப்பது சரிதான். பின்னால் கருவாட்டு மூட்டை ஏற்றினால் மூக்கு தூக்கும், வெளிச்சம் வானத்துக்குப் போகும். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை உருளை இருந்தால் மூட்டை ஏற்றிய நாளில் 2க்கோ 3க்கோ திருப்புங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விளக்கின் உயரத்தையும் கூச்சத்தையும் அளப்பதற்கென்றே கருவி இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும்போது அதை ஒழுங்காக வைத்துப் பார்த்தாலே இந்தச் சாலையில் பாதிக் கூச்சம் அடங்கும். நடப்பது என்ன? எஃப்சிக்கு முதல் நாள் வேண்டாத விளக்கையெல்லாம் கழற்றி, முடிந்த அன்றே மறுபடி மாட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. சீமைக் கருவேலம் வளைவுப் பலகையை மூடிக் கிடக்கிறது, வெட்ட யாரும் வரமாட்டார்கள். பின்னால் ஒரு பிரதிபலிப்புப் பட்டைகூட இல்லாமல் உப்பு லாரி பஞ்சராகி நடுரோட்டில் நிற்கும். ராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடிக்கும் நடந்துபோகிறவர்கள் இருட்டில் ஓரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் யாரும் சரிசெய்யாததால்தான் ஆளாளுக்குப் பெரிய விளக்கு மாட்டிக்கொண்டு ஒருவர் கண்ணை ஒருவர் குருடாக்குகிறார்கள். நீங்களும் அதில் சேர வேண்டாம். டிம்மில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள்.

கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். பணமாகத் தர மறுத்தால், ஒரு ஜோடி 60/55 பல்பு, ஃப்யூஸ், எர்த் லக், வாட்டர் பேப்பர் என்று 2,000 ரூபாய்க்குச் சாமானாக வாங்கிக்கொள்ளுங்கள். ரிலே கிட் மட்டும், கம்பியைச் சுரண்டிப் பார்த்த பிறகு.